குடிக்காத நாற்பத்தெட்டு நாட்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

அவருடைய பழைய சீட்டுகளையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு அவர் மனைவி கொண்டுவந்திருந்தார். இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரி, நாலைந்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், ஒரு வயிற்று ஸ்கேன், மடிப்பு மடிப்பாகக் கிழிந்த மருந்துச் சீட்டுகள். எந்தத் தாளை எடுத்தாலும் ஒரே விஷயம்தான் விதவிதமாக எழுதியிருந்தது: எத்தனை வருடமாகக் குடிக்கிறார், தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது. குடிக்காத நாட்களில் இந்த மனிதர் எப்படி இருப்பார் என்று ஒரு வரிகூட இல்லை. முதல் மூன்று வாரம் நாங்களும் அதைக் கேட்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

சென்னையில், உள்ளேயே தங்கிச் சிகிச்சை பெறும் ஒரு மையத்தில் மனநலச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். குடி, கஞ்சா, மாத்திரைப் பழக்கம் என்று வருகிறவர்களும், மனநோய்க்காக வருகிறவர்களும் ஒரே கூரையின் கீழ் தங்கும் இடம். அவரும் அவர் மனைவியும் எழுதச் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கை மாற்றவில்லை.

ஆள்

வயது 43. கோயம்பேடு பூச்சந்தையில் வியாபாரம். அப்பா காலத்தில் பாரிமுனைப் பக்கம் பூக்கடையில் கூடை தூக்க ஆரம்பித்த குடும்பம். 1996-ல் கோயம்பேடு சந்தை வந்ததும் அங்கே மாறியது. வீடு நெற்குன்றத்தில். மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள், அம்மா.

பூ வியாபாரத்தின் நேரத்தைத் தெரிந்துகொள்ளாமல் இவருடைய குடியைப் புரிந்துகொள்ள முடியாது. ராத்திரி பன்னிரண்டு, ஒரு மணிக்கு லாரிகள் வந்து இறங்கும். மல்லி, சாமந்தி, சம்பங்கி, ரோஜா. விடிவதற்குள் வாங்க வேண்டியதை வாங்கி, கட்ட வேண்டியதைக் கட்டி, கல்யாண மண்டபங்களுக்கு அனுப்பிவிட வேண்டும். வெயில் ஏறினால் பூ வாடும், விலையும் வாடும். காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, ஊர் முழுக்க ஹாரன் அடிக்கிற நேரத்தில் இவர் தூங்க வேண்டும். தூக்கத்துக்காக என்று 25 வயதில் ஆரம்பித்தது. டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். சந்தைக்குப் போகிறவர் ஒன்பதே முக்காலுக்கே வாங்கி வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார். எங்களிடம் வந்தபோது ஒரு நாளைக்கு நாலு குவார்ட்டர். காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் போட்டால்தான் பில் புத்தகத்தில் எழுத்து வரும் என்ற நிலை.

ஆனால் ஒவ்வொரு கார்த்திகையிலும் ஐயப்பனுக்கு மாலை போடுவார். அந்த நாட்களில் ஒரு சொட்டுத் தொடமாட்டார். கேரளத்தில் மண்டலம் 41 நாள் என்பார்கள். இவர் வீட்டில் 48 என்று கணக்கு. வீட்டில் எல்லோருக்கும் அதனால்தான் இவர்மேல் கோபம். "சாமிக்குப் பயந்து விட முடியுது, எங்களுக்காக விட முடியலையா?" என்று அவர் மகள் ஒரு முறை கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. எனக்கும் அன்று பதில் தெரியவில்லை.

முன்பு நடந்த இரண்டு முயற்சிகள்

முதல் முயற்சி நான்கு வருடத்துக்கு முன். மனைவியின் அண்ணன் யாரையோ விசாரித்து, நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு மையத்துக்கு போன் போட்டிருக்கிறார். ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு வேன் வந்தது. நாலு பேர் இறங்கி, தூங்கிக்கொண்டிருந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போனார்கள். மாதம் பதினைந்தாயிரம், மூன்று மாதம், முன்பணம். மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. மொட்டை அடித்தார்கள். போன் கிடையாது, முதல் 45 நாள் வீட்டார் பார்க்க அனுமதி கிடையாது. டாக்டர் எப்போதாவது வருவார் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் அங்கே இருந்தவரை பார்க்கவில்லை. இரண்டாவது ராத்திரி வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்து, வாயில் கரண்டியை விட்டிருக்கிறார்கள். முன்பல் இரண்டு உடைந்தது. வீட்டுக்கு வந்த பதினோராம் நாள் மறுபடி குடித்தார். "தொண்ணூறு நாள் உள்ளே இருந்தும் திருந்தலையே" என்று எல்லோரும் அவரைத்தான் சொன்னார்கள்.

குடியை எடுத்தவுடன் நிறுத்தினால் உடம்பு என்ன செய்யும் என்று பல வீடுகளில் தெரியாது. வருடக்கணக்காகக் குடித்த மூளை அந்த மந்தத்துக்கு எதிராகத் தன்னை முறுக்கி வைத்துப் பழகியிருக்கும். சரக்கை நிறுத்தினால் முறுக்கு மட்டும் மிஞ்சும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை டெலிரியம் என்கிற குழப்ப நிலை வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். போதைகளில் நிறுத்தும்போது ஆளைக் கொல்லக்கூடியவை சிலதான். கவுண்டரில் விற்கிற மது அதில் ஒன்று.

அந்த மையத்தில் நடந்த பலதும் சட்டத்துக்கு எதிரானது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29-ல். மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைக் கோளாறுகளும் அதில் மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. ஆகவே இப்படிப்பட்டவர்களை உள்ளே வைத்துப் பார்க்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கட்டாய மொட்டை கூடாது. சங்கிலி கூடாது. போன் பேசவும் பார்வையாளரைச் சந்திக்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கவும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அந்தச் சாம்பலுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேச்சே எழுந்தது. இருந்தும் வேன் அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன. வேனுக்கு போன் பண்ணுகிற குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளிச் சிகிச்சை என்றால் 180 பேருக்கு ஒருவர். இல்லாத கடையில் பேரம் பேச முடியுமா?

இரண்டாவது முயற்சி ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து நாள். அங்கே மருத்துவம் சரியாகத்தான் நடந்தது. நடுக்கத்தை அடக்கி, ஈரலுக்கு மருந்து கொடுத்து, சோர்வாக இருக்கிறார் என்று மனச்சோர்வு மாத்திரை ஒன்றும் எழுதி அனுப்பினார்கள். அந்த மாத்திரையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நடுவில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று விளம்பரம் பார்த்து, ஒரு பொடியை வாங்கி மனைவி ரசத்தில் கலந்திருக்கிறார். அன்று ராத்திரி குடித்ததும் முகம் செக்கச்செவேலென்று ஆகி, நெஞ்சு படபடத்து, வாந்தி. பாக்கெட்டில் பெயர் எதுவும் இல்லை, ஆனால் விவரித்ததைப் பார்த்தால் டைசல்ஃபிராம் போலத்தான் இருந்தது. அது நல்ல மருந்துதான், எடுப்பவருக்குத் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் எடுத்தால். தெரியாமல் கொடுத்தால் நெஞ்சுவலியில் போய் முடியலாம். சிலருக்கு மனநிலைக் குழப்பத்தையும் கிளப்பிவிடும். இதைச் சொல்லும்போது அந்த அம்மா அழவில்லை. "வேற என்ன மேடம் பண்றது, சொல்லுங்க" என்று என்னைத்தான் கேட்டார்.

மூன்றாம் ராத்திரி

எங்களிடம் ஆனி மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார். ஜனவரியில் மாலை கழற்றியதிலிருந்து ஆறு மாதமாக நிற்காத குடி. தானாகவே வந்தார், தானே கையெழுத்துப் போட்டார். பழைய வலிப்பு இருந்ததால் முதல் நாளிலிருந்தே நர்ஸ் கண்பார்வையில் படுக்கை. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க, ஈரல் கெட்டிருந்ததால் லோராசிபாம் என்ற மருந்து. அதோடு தயமின் ஊசி. குடிநோயாளியின் உடம்பில் இந்த பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அது தெரியாமல் குளுக்கோஸை முதலில் ஏற்றினால் மூளைக்கே ஆபத்து. அதனால் தயமின் முதலில், குளுக்கோஸ் அப்புறம்.

மருந்து போயும் செவ்வாய் ராத்திரி குழப்பம் வந்துவிட்டது. நான் அன்று நைட் ட்யூட்டியில் இல்லை, ஆனால் ஒரு கேஸ் ஃபைலுக்காகத் தங்கிவிட்டேன். ஒன்றரை மணி இருக்கும். படுக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கைக் கட்டைவிரலிலும் சுண்டுவிரலிலும் இல்லாத நாரை மாட்டி, வலது கையால் இல்லாத மல்லியை இரண்டு இரண்டாக எடுத்து வைத்து, சுண்டி இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு வேகம். ஒரு கண்ணி தவறவில்லை. நடு நடுவே முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து, "முழம் அறுபது, முழம் அறுபது, குறைக்காதக்கா" என்றார். வேர்வை கொட்டியது. நர்ஸ் நாடி பிடித்தால் 130. செய்து பழகிய வேலையையே குழப்பத்தில் கை தொடர்ந்து செய்வது டெலிரியத்தில் உண்டு. தையல்காரர் தைப்பார், டிரைவர் கியர் மாற்றுவார். படித்திருக்கிறேன். பார்த்தது அன்றைக்குத்தான்.

சுயமாக முடிவெடுக்கும் நிலையில் அவர் இல்லாததால், மனைவியை நியமனப் பிரதிநிதியாக வைத்து, அவர் சார்பில் மனைவி கேட்டுக்கொள்ளும் 'ஆதரவுடனான அனுமதி'க்கு மாற்றினோம். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரும் தனித்தனியே பார்த்து எழுதினார்கள். மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போனது. சட்டப்படி இது 30 நாள் வரை செல்லும், ஏழு நாளுக்கு ஒரு முறை ஆளின் முடிவெடுக்கும் திறனைப் பார்க்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை தெளிந்துவிட்டார். திரும்பவும் சுய அனுமதி. தாள் வேலைதான், ஆனால் "உங்க கையெழுத்து இப்ப செல்லும்" என்று சொல்லி பேனாவை நீட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

உள்ளே

மையத்தின் நாள் ஐந்தரைக்கு ஆரம்பிக்கும். டீ, மூச்சுப் பயிற்சி, காலைச் சிற்றுண்டி, வகுப்பு, குழுவாக உட்கார்ந்து பகிர்தல், மதியச் சாப்பாடு, தனி ஆலோசனை, சாயங்காலம் கேரம் அல்லது வாலிபால், மறுபடி பகிர்தல், ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. மூன்று மாதம் உள்ளே போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கால அட்டவணையைத்தான் மருந்து என்று நினைக்கிறார்கள். எங்கள் மையத்தின் சோறு நன்றாக இருக்கும். அதற்கு மேல் அட்டவணைக்கு மகிமை எதுவும் கிடையாது.

சென்னையில் இந்தத் துறைக்கு ஒரு மரபு உண்டு. கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடி ஒரு நோய் என்று இந்த ஊருக்குச் சொல்லிக் கொடுத்த இடம். நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது, வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும் என்ற பழக்கத்தை எங்களைப் போன்ற பலர் அங்கிருந்து வந்தவர்களிடம்தான் கற்றோம். மனநோயில் மறுவாழ்வு என்பதற்கு டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு. ஆனால் குடிக்கு ஒரு வாசல், மனநோய்க்கு ஒரு வாசல் என்று நம் மனதில் இரண்டு கட்டடம் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் எந்த வாசலில் முதலில் நுழைந்தாரோ அந்தப் பெயர்தான் நிலைக்கும்.

பத்தாம் நாள் "நான் கிளம்புறேன்" என்றார். வியாழக்கிழமை முகூர்த்தமாம், ஆள் இல்லையாம். மனைவி போனில், "பூட்டி வைங்க மேடம், உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்" என்றார். சுயமாக வந்தவரை அப்படிப் பூட்ட முடியாது. கவலைப்படக் காரணம் இருந்தால் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். எங்கள் ஆலோசகர்களில் ஒருவர், தானே குடித்து நிறுத்திப் பதினேழு வருடம் ஆனவர், எல்லோருக்கும் அண்ணன். அவர் இவரைச் சமையலறைக்குக் கூட்டிப் போய், இரண்டு கிலோ பூண்டு உரிக்கச் சொல்லி எதிரில் தானும் உட்கார்ந்துவிட்டார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. பூண்டு முடிந்ததும் இவர் வந்து, "சனிக்கிழமை வரைக்கும் இருக்கேன்" என்றார். அந்தச் சனிக்கிழமையும் போனது.

காலண்டர்

நாலாவது வாரக் குடும்ப அமர்வில் மனைவியிடம் சும்மா கேட்டேன்: "கடந்த வருஷம் மொத்தமா எத்தனை நாள் குடிக்காம இருந்திருப்பார்?" ஃபைலில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதை நிரப்புவதற்காகக் கேட்ட கேள்வி. அவர், "கணக்கு வேணுமா? வீட்டுல இருக்கு" என்றார்.

அடுத்த முறை மூன்று வருட மாதக் காலண்டர்களைச் சுருட்டிக் கொண்டுவந்தார். அலமாரித் தட்டில் விரிப்பதற்காக எறியாமல் வைத்திருந்தவை. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலில் பால் கணக்கு: 2, 2, 2. அவர் குடித்துவிட்டு வந்த நாளுக்கு மூலையில் ஒரு பெருக்கல் குறி. கார்த்திகை முதல் தேதியில் சின்னதாக ஒரு 'மா'. மாலை. அதற்குப் பிறகு பெருக்கல் குறியே இல்லை.

நான் பெருக்கல் குறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தைப் புரட்டும்போதுதான் பால் கணக்கு கண்ணில் பட்டது. டிசம்பர் நடுவில் 2 என்பது 3 ஆகியிருந்தது. அப்புறம் 4. டிசம்பர் 27-ல் 6.

"விருந்தாளி வந்தாங்களா?"

"இல்ல மேடம். அவருதான். மாலை போட்டா ராத்திரில தூங்கவே மாட்டாரு. விடிய விடிய டீ போட்டுக் குடிப்பாரு. பஜனைக்கு யாராவது சாமிங்க வந்தா அவங்களுக்கும். ரெண்டு மணிக்குச் சந்தைக்குப் போவாரு, வந்ததும் பச்சைத் தண்ணில குளிப்பாரு, மறுபடி கோயிலு. சோர்வே இருக்காது. பக்தி."

அந்த வருடம் அன்னதானத்துக்கு என்று எண்பதாயிரம் செலவு செய்திருக்கிறார். துபாய்க்கு மல்லி ஏற்றுமதி செய்யப்போவதாகச் சொல்லி, பழைய டாடா ஏஸ் ஒன்றை ஃபைனான்ஸில் எடுத்திருக்கிறார். குருசாமியோடு சண்டை போட்டு, தனியாக ஒரு குழு கிளப்பியிருக்கிறார். வாயைத் திறந்தால் நிறுத்த முடியாது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்றே குடி. பிறகு மழை மாதங்களில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, மூன்று நாளைக்கு ஒரு முறை குளியல். அதைக் குடியின் சோர்வு என்று நினைத்துத்தான் ஐந்து நாள் மருத்துவமனையில் மனச்சோர்வு மாத்திரையை எழுதியிருந்தார்கள். மனம் சில காலம் அளவுக்கு மீறி ஏறி, சில காலம் அடியோடு இறங்கும் இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவருக்கு அதை மட்டும் தனியாகக் கொடுத்தால், ஆளை மேலே தூக்கி விட்டுவிடலாம்.

குடிகாரருக்கு மனநிலை ஏறி இறங்குவது சகஜம். அது குடியால் வந்ததா, தனி நோயா என்று பிரிப்பதுதான் கஷ்டம். டாக்டர்கள் கையாளும் ஒரு வழி: குடியை நிறுத்தி ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தும் அறிகுறி இருக்கிறதா, அல்லது அப்போதுதான் தலைகாட்டுகிறதா? அப்படியென்றால் குடிமேல் பழி போட முடியாது. யாரையும் ஒரு மாதம் குடிக்காமல் வைத்துப் பார்க்கத்தான் வழி இருப்பதில்லை. இங்கே ஐயப்பன் வருடத்துக்கு 48 நாள் வைத்துக் காட்டியிருக்கிறார், ஐந்தாம் வாரம் முதல் பால் பாக்கெட் ஏறியிருக்கிறது, நாங்கள்தான் பார்க்கவில்லை. மூன்று வருடத்தில் இரண்டில் இப்படி. ஒரு வருடத்தில் பால் 2-லேயே நின்றிருந்தது. அந்த வருடம் மகளுக்கு டைஃபாய்டு, ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்திருக்கிறார்கள். ஏன் அப்போது வரவில்லை என்பதற்கு எங்களிடம் விளக்கம் இல்லை.

டாக்டர் காலண்டரைப் பத்து நிமிடம் பார்த்தார். பிறகு அவரைக் கூப்பிட்டு முதலிலிருந்து, இந்த முறை குடியைப் பற்றி எதுவும் கேட்காமல், ஒன்றரை மணி நேரம் பேசினார். அவருடைய சித்தப்பா ஒருவர் "ராத்திரியில் பாடிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவார்" என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

பெயர்

இருதுருவ மனநிலைக் கோளாறு என்று நோய்க்குப் பெயர் சொன்னதும் வீடு ஆறுதல் அடையும் என்று நினைத்தேன். நேர்மாறாக நடந்தது. அவர் அம்மா எழுந்தே போய்விட்டார். மனைவியின் அண்ணன், "குடிகாரன்னு சொன்னா ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான். கீழ்ப்பாக்கம்னு தெரிஞ்சா பொண்ணுக்கு யாரு மாப்பிள்ளை தருவா?" என்றார்.

1794-ல் தொடங்கி, 1871-ல் இப்போதைய இடத்துக்கு வந்த அரசு மனநல மருத்துவமனை அது. எத்தனையோ ஆயிரம் பேரைப் பிழைக்க வைத்த இடம். சென்னையில் அதன் பெயர் வசவாகிவிட்டது. அந்த அண்ணனை நான் குறை சொல்லமாட்டேன், உண்மையைச் சொன்னார். குடி என்கிற பெயர் இந்தக் குடும்பத்துக்கு ஒரு போர்வையாக இருந்திருக்கிறது. அவருக்கும்தான். "மாலை போட்டா எனக்குள்ள மோட்டார் ஓடும் மேடம். கழட்டினதும் அதை நிறுத்தத்தான் குடிப்பேன்" என்று அவரே பிறகு சொன்னார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலையே."

லித்தியமும் அக்னி நட்சத்திரமும்

மனநிலையைச் சீராக வைக்கும் மருந்துகளில், ஈரல் காரணமாக வால்ப்ரோயேட் வேண்டாம் என்று முடிவானது. சிறுநீரகமும் தைராய்டும் பார்த்துவிட்டு லித்தியம். மலிவான மருந்து, பழைய மருந்து. ஆனால் அளவு கொஞ்சம் தாண்டினால் நஞ்சு. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், 0.6-லிருந்து 1.0-க்குள் இருக்க வேண்டும். தண்ணீர் குறையக் கூடாது, உப்பைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலி மாத்திரைகளைத் தன்னிஷ்டத்துக்குப் போடக் கூடாது. இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி பர்சில் வைக்கச் சொன்னோம்.

மொத்தம் 52 நாள் இருந்துவிட்டு ஆவணியில் வீட்டுக்குப் போனார். போவதற்குமுன் நாங்கள் அதிகம் சண்டை போட்டது வேலை நேரத்துக்காக. தூக்கம் கெட்டால் இந்த நோய் கிளம்பும். ராத்திரிக் கொள்முதலை மச்சானும் மனைவியும் பார்ப்பது, மண்டப டெலிவரியும் வசூலும் பகலில் இவர் பார்ப்பது என்று ஏற்பாடு. "பூக்காரன் ராத்திரி தூங்கினா சிரிப்பாங்க" என்றார். சிரித்தார்களாம்.

வாரம் இரண்டு நாள் சாயங்காலம் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்ததில் தொடங்கிய இயக்கம், இங்கே சர்ச் அறைகளிலும் பள்ளிக்கூட ஹால்களிலும் கூடுகிறது. "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்பது அவருக்குப் பிடித்துவிட்டது. அங்கே ஒருவர் "மாத்திரையும் போதைதான், விட்டுடு" என்று சொல்லியிருக்கிறார். ஏஏ அமைப்பின் நிலைப்பாடு அது இல்லை. மருந்து விஷயம் டாக்டரோடு என்பதுதான் அவர்கள் சொல்வது. எங்கள் ஆலோசகர் அண்ணன் ஒரு கூட்டத்துக்கு அவரோடு போய் இதைச் சரிசெய்தார்.

பொங்கலில் ஒரு முறை வழுக்கினார். இரண்டு நாள் குடித்தார். மூன்றாம் நாள் காலை ஆட்டோ பிடித்துத் தானாக வந்தார், அதைச் சறுக்கல் என்று ஃபைலில் எழுதிவிட்டு ஐந்து நாள் வைத்து அனுப்பினோம்.

மே மாதம் நடந்ததை மறக்க மாட்டேன். அக்னி நட்சத்திரம். மத்தியானம் இரண்டு மணிக்குத் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். கை நடுக்கம், பேச்சுக் குழறல், வாந்தி. அவர் அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "மறுபடியும் ஊத்திக்கிட்டு வந்துட்டான்" என்று கத்தியிருக்கிறார். பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். மச்சான், கதவைச் சாத்தி உள்ளே போட்டுவிடலாம் என்றார்.

மனைவி கிட்டே போய் அவர் வாயை முகர்ந்து பார்த்திருக்கிறார். வாடை இல்லை. பர்சை எடுத்து அட்டையைப் பார்த்து எங்களுக்கு போன் செய்தார். வேறு மாத்திரை ஏதாவது போட்டாரா என்று கேட்டேன். கூடை தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டதற்கு ஆறு நாளாக மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போட்டிருக்கிறார். வெயிலில் அலைச்சல், வேர்வை, தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. லித்தியத்தை நிறுத்தி உடனே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கொண்டுபோகச் சொன்னோம். "இது குடி இல்லை, லித்தியம் ஏறியிருக்கு என்று வாசல்லயே சொல்லுங்க" என்று மூன்று முறை சொன்னேன். ரத்தத்தில் 1.9. ஒரு நாள் அந்தக் கதவைச் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க விருப்பமில்லை. நாலு நாளில் தெளிந்தார். டாக்டர் அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பித்தார்.

அவர் அம்மா அதற்குப் பிறகு ஒரு அமர்வுக்கு வந்தார். ஒன்றும் பேசவில்லை. போகும்போது எனக்கு ஒரு பந்து மல்லி கொடுத்தார்.

மாலை

வீட்டுக்குப் போன முதல் கார்த்திகையில் மாலை வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். கோபித்துக்கொண்டு ஒரு மாதம் ஃபாலோ-அப்புக்கு வரவில்லை. இரண்டாவது கார்த்திகையில் அவரே கேட்டார். எங்களுக்குள் இரண்டு கட்சி. எதற்கு வம்பு என்றார் டாக்டர். பதினெட்டு வருடமாக அவர் வாழ்க்கையில் மரியாதையோடு நடந்த ஒரே விஷயம் அதுதான் என்றேன் நான். கடைசியில் சில நிபந்தனைகளோடு ஒத்துக்கொண்டோம். ஒன்பது மணிக்குப் படுக்கை, குளியல் ஐந்து மணிக்கு முன் கிடையாது, பஜனை எட்டரையோடு சரி, மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, மலைக்குப் போகுமுன் ரத்தம் பார்க்க வேண்டும், வலிக்கு எங்களைக் கேட்காமல் எதுவும் இல்லை.

மனைவி காலண்டரில் இப்போது பால் கணக்குக்குப் பக்கத்தில் இன்னொரு எண் எழுதுகிறார், அவர் தூங்கிய மணி. கார்த்திகை முதல் தேதியிலிருந்து 7, 7, 6, 7, 6½ என்று போகிறது. டிசம்பர் 11-ஆம் தேதிக் கட்டத்தில் பால் 2, தூக்கம் 4.

அன்று காலை எட்டே காலுக்கு எங்கள் போன் அடித்தது. மனைவி முதலில் பேசினார். பிறகு, "இருங்க, அவரே பேசணுமாம்" என்று போனைக் கொடுத்தார்.